பாலைப் புல் பச்சையாகும் நாள்: சொனோரன் பாலையில் களையெடுப்புக்குக் காலம் குறிக்கும் முயற்சிகள்

களையை எப்போது எடுப்பது என்பது உழவின் பழைய கேள்வி. வயலில் அதற்கு விடை உண்டு. விதைத்த நாள் தெரியும், நீர் பாய்ச்சிய நாள் தெரியும். இத்தனையாம் நாள் முதல் களை, இத்தனையாம் நாள் இரண்டாம் களை என்று எண்ணிச் சொல்லிவிடலாம். பாலைநிலத்தில் அப்படி எண்ணத் தொடங்குவதற்கு ஒரு நாளே கிடையாது. மழை வரும் நாளும் அளவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரே ஆண்டிலும் மலைக்கு மலை மாறும். அங்கே வேரூன்றிவிட்ட அயல் புல்லொன்றை அழிக்க நினைப்பவர்கள், அது எப்போது பச்சையாகும் என்பதை முன்கூட்டியே அறிய வேண்டியிருக்கிறது. காய்ந்து நிற்கும் புல்லில் களைக்கொல்லி வேலை செய்யாது. பச்சையாக நிற்கும் நாட்களோ மிகக் குறைவு.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரைச் சூழ்ந்துள்ள சொனோரன் பாலையில் இந்தக் கேள்வி கால் நூற்றாண்டாகத் தீவிரமாகக் கேட்கப்படுகிறது. நாட்காட்டி, வெப்பக் கணக்கு, மழைக் கணக்கு, செயற்கைக்கோள், பருவகால முன்கணிப்பு என்று பல விடைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எதைச் சரியாகச் சொல்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

புல்லும் அது வந்த வழியும்

அங்கே பஃபெல் புல் என்று அழைக்கப்படும் செங்கிரஸ் சிலியாரிஸ், தமிழ்நாட்டுக் கால்நடை வளர்ப்போருக்கு நன்கு தெரிந்த கொழுக்கட்டைப் புல்தான். ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கு ஆசியா வழியாக இந்தியா வரை இதன் தாயகம் விரிகிறது. காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள், வெள்வேல மரங்களுக்கு அடியில் மாடுகள் மேயும் புல் இது. வறட்சியைத் தாங்கும், மேய்ந்தாலும் துளிர்க்கும், சிறு மழைக்கும் உடனே எழும்பும் என்பவை இதன் சிறப்புகள்.

அந்தச் சிறப்புகளை நம்பியே அமெரிக்கர்களும் இதைக் கொண்டுபோனார்கள். 1930-களின் பெரும் வறட்சியில் மண் அரித்துப்போன மேய்ச்சல் நிலங்களை மீட்க, அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை பல வெளிநாட்டுப் புற்களைச் சோதித்தது. வட கென்யாவின் துர்க்கானா பகுதியிலிருந்து சேகரித்த ஒரு வகை 1940-களில் டெக்சாஸ் வழியாகப் பரவலானது. எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் பாலைவனச் செடிகொடிகளை அகற்றிவிட்டு இப்புல்லை விதைத்தார்கள். மத்திய சொனோராவில் 1973-இல் சுமார் 7,700 ஹெக்டேராக இருந்த இம்மேய்ச்சல் நிலம், 2000-இல் 1,40,000 ஹெக்டேரைத் தாண்டியதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று காட்டியது.

விதைத்த இடத்தோடு புல் நிற்கவில்லை. சாலையோரம், ஓடைக்கரை, பாறைச் சரிவு என்று ஏறி, டூசானின் வடக்கே உள்ள சாண்டா கத்தலீனா மலையையும் சவாரோ தேசியப் பூங்காவையும் அடைந்தது. கத்தலீனா மலைச்சரிவுகளின் பழைய வான்வழிப் படங்களை ஆராய்ந்தவர்கள், புல்திட்டுகளின் பரப்பு இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாவதாகக் கணக்கிட்டனர். அரிசோனா அரசு 2005-இல் இதைத் தீங்குக் களைப் பட்டியலில் சேர்த்தது.

அச்சத்துக்கு முதன்மைக் காரணம் நெருப்பு. சொனோரன் பாலையில் செடிக்கும் செடிக்கும் இடையே வெறும் மண் கிடக்கும். பொதுவாக அங்கே நெருப்பு பற்றினாலும் பரவ வழியில்லை. இப்புல் அந்த இடைவெளியை நிரப்புகிறது. காய்ந்த புல் எரிந்தபின் அதன் அடித்தூர் மறுமழையில் துளிர்க்கும். நூற்றைம்பது ஆண்டுகள் வாழக்கூடிய சவாரோ கள்ளிக்கும் பாலோ வெர்டே மரத்துக்கும் அந்தத் தாங்குதிறன் இல்லை. புல் நெருப்பைக் கூட்டும், நெருப்பு புல்லைக் கூட்டும் என்ற இச்சுழற்சியை கார்லா டி'அன்டோனியோவும் பீட்டர் விட்டூசெக்கும் 1992-இல் தெளிவாக வரையறுத்தார்கள். அமெரிக்கா முழுவதும் 12 அயல் புல்லினங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, அவற்றில் எட்டு இனங்கள் பரவிய இடங்களில் தீ நிகழ்வுகள் கூடியிருப்பதைக் காட்டியது.

காலம் ஏன் இத்தனை முக்கியம்

இப்புல்லை அழிக்க நடைமுறையில் இரண்டு வழிகள்தான் பெரிதும் கையாளப்படுகின்றன. ஒன்று, கடப்பாரையால் தூரோடு பெயர்த்தெடுப்பது. மற்றொன்று, கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பது. முதல் வழிக்குக் காலம் தேவையில்லை, ஆள்தான் தேவை. இரண்டாவது முழுக்கக் காலத்தைச் சார்ந்தது. கிளைபோசேட் பச்சை இலை வழியாக உள்ளே சென்று, சாற்றோட்டத்தோடு வேர்வரை இறங்கினால்தான் தூர் சாகும். இலை காய்ந்திருந்தால் மருந்து மேலேயே தங்கிவிடும். ஆகவே இலைகளில் பாதியேனும் பச்சையாக இருக்கும்போது தெளிக்க வேண்டும் என்பது களப்பணியாளர்களின் நடைமுறை விதி.

இதற்கு மறுமுனையிலும் ஒரு கெடு உண்டு. கதிர் முற்றி விதை உதிரத் தொடங்கியபின் தெளித்தால் தாய்த்தூர் செத்தாலும் அடுத்த தலைமுறை மண்ணில் விழுந்துவிடும். பச்சையாவதற்கும் விதை முற்றுவதற்கும் இடையே கிடைப்பது பெரும்பாலும் கோடைப் பருவமழைக்குள் அடங்கும் சில வாரங்கள். தொலைவான செங்குத்துச் சரிவுகளுக்கு ஹெலிகாப்டரில்தான் மருந்து போக வேண்டும். அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். உரிமம் பெற்ற தெளிப்பாளர்களைத் திரட்ட வேண்டும். மழை பெய்து, புல் பச்சையானதைக் கண்ணால் பார்த்தபின் இவற்றைத் தொடங்கினால் காலம் கடந்துவிடக்கூடும். முன்னறிவிப்புக்கான தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

முதல் விடை: நாட்காட்டி

எளிய விடை இதுதான்: ஜூலை, ஆகஸ்டில் பருவமழை பெய்யும், ஆகஸ்டில் தெளி. டூசானில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரையான காலத்தைப் பருவமழைக் காலமாக வானிலைத் துறை கணக்கிடுகிறது. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இக்காலத்தில்தான் கிடைக்கிறது. நிதியாண்டு, ஒப்பந்தம், விடுமுறை என எல்லாமே நாட்காட்டியில் இயங்கும் அலுவலகங்களுக்கு இந்த விதி வசதியானது.

இதன் பலவீனத்தைக் காட்ட அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளே போதும். 2020 பருவமழைக் காலம் முழுவதும் டூசானில் பதிவான மழை 1.62 அங்குலம், அதாவது 41 மி.மீ. பதிவேட்டிலேயே இரண்டாவது வறண்ட பருவம் அது. மறு ஆண்டு 2021-இல் அதே காலத்தில் 12.79 அங்குலம், ஏறத்தாழ 325 மி.மீ. பெய்தது, அது பதிவேட்டின் மூன்றாவது ஈரமான பருவம். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரே தெளிப்புத் தேதியை எந்த நாட்காட்டியும் பொருத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. நாட்காட்டி விதி சராசரி ஆண்டுக்குப் பொருந்தும். பாலையில் சராசரி ஆண்டு அரிதாகவே வருகிறது.

இரண்டாம் விடை: வெப்பக் கணக்கு

தாவரமும் பூச்சியும் நாட்களை எண்ணுவதில்லை, வெப்பத்தையே சேர்த்துக் கணக்கிடுகின்றன என்ற கருத்து பழமையானது. 1735-இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் அன்றாட வெப்பநிலைகளைக் கூட்டிப் பயிர் முற்றும் நாளோடு ஒப்பிட்டார். இன்று வளர்ச்சி வெப்பநாள் என்று வழங்கும் அளவின் தொடக்கம் அது. குளிர்நாடுகளில் இளவேனிலில் துளிர்ப்பதையும் பூப்பதையும் இந்தக் கணக்கு நன்றாகவே முன்னுரைக்கிறது. பூச்சிமருந்து தெளிக்கும் நாளைக் குறிக்க உழவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

வெப்பம் தட்டுப்பாடாக இருக்கும் இடத்தில் இக்கணக்கு வெல்கிறது. சொனோரன் பாலையின் கோடையில் வெப்பத்துக்குக் குறைவில்லை, குறைவது நீர். எனவே கொழுக்கட்டைப் புல்லின் கோடைத் துளிர்ப்பை வெப்பநாளால் மட்டும் சொல்ல முயல்வது பொருந்தாது. ஆனாலும் இதை முற்றாக ஒதுக்கவும் இயலாது. குளிர்காலத்தில் பெய்யும் மழைக்கு இப்புல் பச்சையாகுமா என்பது வெப்பநிலையையும் பொறுத்தது. குளிர் குறைந்த ஆண்டுகளில் கோடைக்கு வெளியேயும் அது துளிர்க்கிறது. வெப்பம் துணைக் காரணியாக மீண்டும் கணக்குக்குள் வர வேண்டிய இடம் இதுவாக இருக்கலாம்.

மூன்றாம் விடை: மழை வரம்பு

பாலைத் தாவரங்களின் கடிகாரம் மழைதான் என்ற நிலைப்பாட்டுக்கு நீண்ட ஆய்வு மரபு உண்டு. டூசானின் தூமமாக் குன்றில் 1903-இல் கார்னகி நிறுவனம் பாலைவன ஆய்வகத்தை நிறுவியது; உலகின் மிக நீண்ட தாவரக் கண்காணிப்புப் பதிவுகளில் சில அங்கே தொடங்கியவை. 1940-களின் இறுதியில் ஃப்ரிட்ஸ் வென்ட், பாலைவன விதைகள் எல்லா மழைக்கும் முளைப்பதில்லை, ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டிய மழைக்கே முளைக்கின்றன என்று காட்டினார். நெவாடாவில் பல்லாண்டு களப்பணி செய்த ஜேனிஸ் பீட்லி 1974-இல், மொஹாவி பாலையின் குளிர்காலச் செடிகள் முளைக்க இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 25 மி.மீ. கனமழை ஒன்று தேவை என்று எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு இம்மானுவல் நோய்-மெய்ர் பாலைச் சூழலியலைப் பற்றிய தம் கட்டுரையில், மழைத் துடிப்பு வளர்ச்சியைத் தூண்டுகிறது, வளர்ச்சி விதையாகவும் வேராகவும் சேமிக்கப்படுகிறது என்ற சட்டகத்தை விரிவாக விளக்கினார்.

இம்மரபின் நேரடி வாரிசுதான் இன்று நடைமுறையில் இருக்கும் முன்னறிவிப்பு. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த சிந்தியா வாலஸ் தலைமையில் 2016-இல் வெளியான ஆய்வு, 2011 முதல் 2013 வரை டூசான் பகுதியில் பொதுமக்கள் பதிவு செய்த பசுமைக் குறிப்புகளையும் மழைத் தரவுகளையும் செயற்கைக்கோள் படங்களையும் இணைத்துப் பார்த்தது. அயல் புல் உள்ள இடங்களில் எட்டெட்டு நாட்களாகப் பிரித்த இரண்டு காலத் துண்டுகளின் மழையோடு பசுமை வலுவாகப் பொருந்தியது. இயல் தாவரங்கள் மிகுந்த இடங்களில் அதே அளவு பொருத்தம் கிடைக்க நான்கு துண்டுகள் தேவைப்பட்டன. அதாவது இப்புல் பாலையின் சொந்தச் செடிகளைவிட விரைவாக மழைக்கு விழித்துக்கொள்கிறது.

இதை அடிப்படையாகக் கொண்டு, 2007-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தேசியப் பருவநிகழ்வியல் வலையமைப்பு, 2019 முதல் அரிசோனாவுக்குப் பஃபெல் புல் பசுமை முன்னறிவிப்பு வரைபடங்களை வெளியிட்டுவருகிறது. விதி எளிது: கடந்த 24 நாட்களில் சேர்ந்த மழை 1.7 அங்குலத்தை, அதாவது 43 மி.மீ. அளவைத் தொட்டால், அடுத்த ஓரிரு வாரங்களில் புல் தெளிப்புக்கு ஏற்ற அளவு பச்சையாகும் என்று எதிர்பார்க்கலாம். வரைபடம் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. 2020 பருவம் முழுவதும் டூசானில் பெய்த மழை இந்த ஒற்றை வரம்பைக்கூட எட்டவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால், நாட்காட்டிக்கும் மழை வரம்புக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

இவ்விதியின் வலிமை அதன் வெளிப்படைத்தன்மையில் இருக்கிறது. களப்பணியாளர் ஒருவர் தம் மழைமானியைப் பார்த்துத் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்க முடியும். ஏற்கெனவே பெய்த மழையைக் கொண்டே கணிப்பதால், வானிலை முன்கணிப்பின் பிழை இதற்குள் நுழைவதும் இல்லை.

பலவீனங்களும் அதே எளிமையிலிருந்தே வருகின்றன. முதலாவது, பருவமழையின் இயல்பு. அங்கே கோடை மழை பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உள்ள இடிமுகில்களால் பெய்கிறது. ஒரு பள்ளத்தாக்கு நனையும்போது அடுத்தது காய்ந்து கிடக்கும். மழைமானிகளின் அளவுகளை இடைக்கணித்து நிரப்பிய கட்டத் தரவுகள் இந்த வேறுபாட்டை மழுங்கடிக்கின்றன. மலைச்சரிவுகளில் மழைமானிகள் குறைவு என்பதால் பிழை அங்கேதான் கூடுதலாக இருக்கும். புல் மிகுந்திருப்பதும் அதே சரிவுகளில்தான். இரண்டாவது, பெய்த மழை எல்லாம் வேருக்குப் போவதில்லை. ஒரே மணி நேரத்தில் கொட்டிய 43 மி.மீ. பாறையில் வழிந்தோடிவிடும், பல நாட்களாகப் பிரிந்து பெய்த 43 மி.மீ. மண்ணில் ஊறும். விதி இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது. மூன்றாவதே கனமானது: இவ்விதி பச்சையாகும் தொடக்கத்தைச் சொல்கிறது, முடிவைச் சொல்வதில்லை. தெளிப்புக்கு எத்தனை நாட்கள் மிஞ்சியிருக்கின்றன, விதை எப்போது முற்றும் என்ற கேள்விகளுக்கு இதில் விடையில்லை.

நான்காம் விடை: வானிலிருந்து பார்ப்பது

மழையிலிருந்து பசுமையை ஊகிப்பதைவிடப் பசுமையையே நேரடியாகப் பார்த்துவிடலாமே என்பது தொலையுணர்வு வல்லுநர்களின் நிலைப்பாடு. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இந்த வேறுபாட்டிலிருந்து கணிக்கும் பசுமைக் குறியீடு 1970-களிலிருந்து வழக்கில் உள்ளது. செயற்கைக்கோளில் இயங்கும் மோடிஸ் கருவி 2000 முதல் அண்மைக்காலம் வரை உலகம் முழுவதையும் ஏறக்குறைய நாள்தோறும் படம்பிடித்துவந்திருக்கிறது.

தடை, படப்புள்ளியின் அளவு. மோடிஸின் ஒரு புள்ளி தரையில் 250 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அதற்குள் அயல் புல்லும் பாலோ வெர்டேயும் புதர்களும் மழைக்கால ஓராண்டுச் செடிகளும் கலந்திருக்கும். மழை பெய்ததும் அனைத்தும் சேர்ந்தே பச்சையாகும். மேற்குறித்த 2016 ஆய்வு, புல்லின் விரைவான மறுமொழியையே அடையாளமாகக் கொண்டு இதைப் பிரித்தறிய முயன்றது. சவாரோ தேசியப் பூங்காவின் புல்திட்டுகளில் 49 முதல் 55 விழுக்காட்டின் இருப்பிடத்தை அது சரியாகக் கணித்தது. கரடுமுரடான படத்திலிருந்து இவ்வளவு பெற்றது பாராட்டத்தக்கது. ஆயினும் ஏறத்தாழ பாதித் திட்டுகளைத் தவறவிடும் வரைபடத்தை மட்டும் நம்பி ஒழிப்புப் பணியில் இறங்க முடியாது.

கூர்மையான வணிகச் செயற்கைக்கோள் படங்களும் ட்ரோன்களும் தனித்தனித் திட்டுகளைக் காட்டுகின்றன. புல் மட்டும் பச்சையாகவோ வைக்கோல் நிறத்திலோ தனித்துத் தெரியும் நாட்களில் எடுத்த படமே அவற்றுக்கும் தேவை. அதாவது இடத்தைக் கண்டறியும் கருவிக்கும் காலத்தை அறியும் முன்னறிவிப்பு வேண்டியிருக்கிறது. நேரடிக் கண்காணிப்புக்கு மற்றோர் எல்லையும் உண்டு: பசுமை படத்தில் தெரியும்போது அது ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. ஆயத்தத்துக்கான நாட்களை இம்முறை தருவதில்லை.

ஐந்தாம் விடை: பருவத்துக்கு முன்பே கணிப்பது

ஓரிரு வார முன்னறிவிப்பு தெளிப்பாளரை அழைக்கப் போதும். ஆண்டு நிதியை ஒதுக்கவும் பணியாளரை அமர்த்தவும் போதாது. அதற்குப் பல மாதங்கள் முன்பே தெரிய வேண்டும். இங்கே எல் நினோ கணிப்புகள் மீது நம்பிக்கை வைக்கப்படுகிறது.

இந்த நம்பிக்கை பருவத்துக்குப் பருவம் வேறுபட்ட வலுவுடையது. அமெரிக்கத் தென்மேற்கின் குளிர்கால மழை எல் நினோ ஆண்டுகளில் கூடும் போக்குடையது. குளிர்கால மழையில் முளைக்கும் ரெட் புரோம் போன்ற ஓராண்டு அயல் புற்களுக்கு இக்கணிப்பு ஓரளவு உதவும். 2004–05 ஈரக் குளிர்காலத்துக்குப் பின் மொஹாவி, சொனோரன் பாலைகளில் இத்தகைய புல் அடர்ந்து வளர்ந்தது; அடுத்த கோடையில் பெரும் பரப்புகள் எரிந்தன. ஃபீனிக்ஸ் நகரின் வடக்கே பற்றிய கேவ் கிரீக் தீ மட்டும் ஏறத்தாழ 1 லட்சம் ஹெக்டேரைத் தின்றது. ஆனால் கொழுக்கட்டைப் புல்லுக்கு வேண்டியது கோடைப் பருவமழை. அதற்கும் எல் நினோவுக்கும் உள்ள தொடர்பு மெலிந்தது. ஒரு குறிப்பிட்ட மலைச்சரிவின் ஆகஸ்ட் மழையை மார்ச் மாதத்தில் சொல்லும் திறன் இன்று இல்லை என்றே கொள்ள வேண்டும்.

ஆறாம் விடை: காத்திருக்க வேண்டாம்

முன்னறிவிப்பே தேவையில்லை, கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் பிடுங்குங்கள் என்ற நிலைப்பாடு தன்னார்வலர்களிடமிருந்து வந்தது. டூசான் மலைப் பூங்காவில் மாதந்தோறும் கூடிப் பிடுங்கும் குழுக்கள் பல சரிவுகளை மீட்டிருக்கின்றன. வேதிப்பொருள் வேண்டாம் என்போருக்கும் இது உகந்தது. கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அம்முடிவோடு உடன்படவில்லை. விவாதம் தொடர்கிறது.

இந்நிலைப்பாட்டின் அடிப்படை வாதம் வலுவானது. சில ஆண்டுகளில் இரட்டிப்பாகும் களைக்கு எதிராக, சரியான நாளுக்குக் காத்திருப்பதைவிட இன்றே சிறு திட்டை அகற்றுவது மலிவு. இப்புல்லின் விதை மண்ணில் சில ஆண்டுகளே உயிரோடு இருப்பதாக ஆய்வுகள் கூறுவதால், அதே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிச் சென்றால் முழுமையாக ஒழிக்கவும் வாய்ப்புண்டு. பலவீனம் அளவில் இருக்கிறது. செங்குத்தான, பாதையற்ற சரிவுகளில் ஏக்கர் கணக்கில் படர்ந்த புல்லைக் கையால் பெயர்ப்பது நடைமுறையில் இயலாதது. சிறு திட்டுகளுக்குக் கடப்பாரை, பெரும் பரப்புக்குக் காலமறிந்த தெளிப்பு என்ற பிரிவினையில்தான் பெரும்பாலான மேலாளர்கள் இன்று நிற்கிறார்கள்.

வேறு பாலைகள் சொல்வது

ஒரே விதி எல்லாப் புல்லுக்கும் பொருந்தாது என்பதை வடக்கிலுள்ள கிரேட் பேசின் பாலை காட்டுகிறது. அங்கே பரவியுள்ள சீட்கிராஸ் ஓராண்டுப் புல். பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் முளைத்து, அடுத்த கோடைத் தொடக்கத்தில் காய்ந்து எரிபொருளாகிவிடும். அதைக் கட்டுப்படுத்த முளைக்கும் முன்பே மண்ணில் மருந்திடுவது முதன்மை வழி. எனவே அங்கே கேட்கப்படுவது எப்போது முளைக்கும், இந்த ஆண்டு எவ்வளவு அடர்த்தியாக வளரும் என்ற கேள்விகள். பல்லாண்டுப் புல்லின் துளிர்ப்பும் ஓராண்டுப் புல்லின் முளைப்பும் வெவ்வேறு நிகழ்வுகள். பீட்லியின் 25 மி.மீ. விதியைக் கொழுக்கட்டைப் புல்லுக்கோ, 43 மி.மீ. விதியைச் சீட்கிராஸுக்கோ மாற்றிப் பொருத்த முடியாது.

மத்திய ஆஸ்திரேலியாவில் சிக்கல் வேறு. அங்கேயும் இதே புல்தான். ஒட்டகச் சேணங்களின் திணிப்போடு 19-ஆம் நூற்றாண்டில் வந்ததாகக் கருதப்படுகிறது. பின்னர் மேய்ச்சலுக்காகவும், 1960-கள் முதல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியில் புழுதியை அடக்கவும் விதைக்கப்பட்டது. கால்நடைப் பண்ணையார்களுக்கு இது வாழ்வாதாரம். பழங்குடியினருக்கும் சூழலியலாளர்களுக்கும் நிலத்தை விழுங்கும் களை. தெற்கு ஆஸ்திரேலியா 2015-இல் இதைக் களையாக அறிவித்தது, வடக்குப் பிரதேசம் 2024-இல்தான் அறிவித்தது. எப்போது தெளிப்பது என்ற கேள்விக்கு முன்னால், தெளிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியே அங்கு அரை நூற்றாண்டு ஓடியது. முன்னறிவிப்பு பயன்பட, செயல்பட வேண்டும் என்ற உடன்பாடு முதலில் வேண்டும் என்பதற்கு இது சான்று.

தீராதவை

இந்த விடைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது குறைந்தது நான்கு கேள்விகள் திறந்தே கிடக்கின்றன.

ஒன்று, பச்சை நிலைக்கும் காலத்தின் நீளம். அடுத்தடுத்த மழை, மண்ணின் ஈரம், வெயில் ஆகியவற்றைச் சேர்த்து, தெளிப்புக் காலம் எப்போது மூடும் என்று சொல்லும் விதி இன்னும் உறுதியாகவில்லை.

இரண்டு, நிலத்தின் வேறுபாடு. தெற்கு நோக்கிய சரிவும் வடக்கு நோக்கிய சரிவும், பாறையும் வண்டலும் ஒரே மழைக்கு ஒரே நாளில் மறுமொழி தருமா? டூசானைச் சுற்றி மூன்று ஆண்டுகளில் எடுத்த தரவிலிருந்து பிறந்த வரம்பு, மாநிலத்தின் மேற்கு ஓரத்து வறண்ட சமவெளிக்கு எந்த அளவு பொருந்தும் என்பது தொடர்ந்து சோதிக்கப்பட வேண்டியது.

மூன்று, மாறும் தட்பவெப்பம். குளிர் குறையக் குறைய இப்புல் உயரமான மலைப்பகுதிகளுக்கும், கோடையல்லாத பருவங்களுக்கும் பரவ வாய்ப்புண்டு. கோடையில் பிறந்த விதி அப்போது பிசகலாம்.

நான்கு, முன்னறிவிப்பின் பயனை அளப்பது. வரைபடம் சரியாக இருந்ததா என்று சரிபார்ப்பது ஒன்று. அதைப் பார்த்துத் தெளித்த இடத்தில், பார்க்காமல் தெளித்த இடத்தைவிடக் கூடுதலான தூர்கள் செத்தனவா, மருந்து மிச்சமானதா என்று அறிவது வேறொன்று. இரண்டாவது வகைச் சான்று இத்துறையில் அரிது. களப்பணியாளர் எண்ணிக்கையும் நிதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் சூழலில் அத்தகைய ஒப்பீட்டை நடத்துவதும் கடினம்.

மதிப்பீடு

நாட்காட்டி முறை தனித்து நிற்கத் தகுதியற்றது என்பதில் இன்று பெரிய ஐயமில்லை. வெப்பக் கணக்கு கோடைக்குத் தேவையற்றது, குளிர்காலத்துக்குத் துணை. செயற்கைக்கோள் இடத்தை அறிய இன்றியமையாதது. காலத்தை முன்னுரைக்க இன்னும் போதாது. பருவகாலக் கணிப்பு இப்புல்லைப் பொறுத்தவரை இப்போதைக்கு நம்பத்தக்கதாக இல்லை. எஞ்சியவற்றுள் மழை வரம்பு விதியே நடைமுறைக்கு மிக நெருங்கியது. அது மிக நுட்பமானது என்பதால் இந்த இடத்தைப் பெறவில்லை. களத்தில் நிற்பவர் எடுக்க வேண்டிய முடிவையே அது நேரடியாகத் தொடுகிறது, அவரே அதைச் சோதித்துப் பார்க்கவும் முடிகிறது.

ஆகவே அடுத்த முதலீடு சிக்கலான மாதிரிகளில் மட்டும் குவிந்துவிடக் கூடாது. மலைச்சரிவுகளில் கூடுதல் மழைமானிகள், புல் பச்சையான நாளையும் காய்ந்த நாளையும் விதை முற்றிய நாளையும் குறித்துவைக்கும் கண்கள், தெளித்த இடத்துக்கு மறு ஆண்டு திரும்பிச் சென்று எண்ணும் பழக்கம் ஆகிய மூன்றும் இன்றைய விதியை உறுதியாக மேம்படுத்தக்கூடியவை. 2016 ஆய்வு சாத்தியமானதே பெயர் தெரியாத பொதுமக்கள் சிலர் புல்லைப் பார்த்து எழுதிவைத்ததால்தான் என்பதை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. நம் கொழுக்கட்டைப் புல் அங்கே களையானது போல, அமெரிக்கக் கண்டத்தின் வறள் நிலங்களிலிருந்து வந்த சீமைக்கருவேலம் இங்கே களையாகி நிற்கிறது. அதை அகற்றுவது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அது எப்போது பூக்கிறது, எப்போது காய் முற்றுகிறது, வெட்டிய அடிமரம் எந்த மழைக்குப் பின் துளிர்க்கிறது என்ற பதிவுகளை ஊர்தோறும் தொடர்ச்சியாகச் சேர்ப்பது கடினமான வேலையன்று. பள்ளிகளும் கல்லூரித் தாவரவியல் துறைகளும் வனத்துறையும் சேர்ந்து அதைத் தொடங்க வேண்டும்.